களவெட்டியில் அழுத பிள்ளை

நான் பொய் சொல்லாதவன் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. முப்பத்து நாலு வருடம் பாடசாலைகளில் படிப்பித்து, கடைசி ஒன்பது வருடம் அதிபராகவும் இருந்து, பொய் சொன்ன பிள்ளைகளின் உள்ளங்கையில் அடித்து அடித்தே அந்தப் பெயரைச் சம்பாதித்தேன். அடி வாங்கியவர்களில் பலர் இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். பஸ்ஸில் என்னைக் கண்டால் எழுந்து இடம் தருகிறார்கள். அவர்களிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். என் பதினோராவது வயதில், நாலு வயதுத் தங்கைக்கு நான் ஒரு பொய் சொன்னேன். ஒரு பின்னேரத்தைச் சமாளிப்பதற்காகச் சொன்ன பொய். அது அறுபத்து நாலு வருடம் நின்றது.

எங்கள் வீடு வாவிக்கும் கடலுக்கும் இடையில், கல்முனைக்குப் போகும் வீதியை ஒட்டிய ஊரொன்றில் இருந்தது. வயல் வாவிக்கு அக்கரையில். எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்வழியாக வருபவை. ஆகவே அது அம்மாவின் வயல். அப்பா சட்டைப் பையில் பேனையோடு பாடசாலைக்குப் போகிறவர். வரம்பில் நடந்தால் வழுக்குவார். அதனால் விதைப்பு முதல் நெல் வீடு வந்து சேரும் வரை எல்லாம் அம்மாவின் தமையன், எங்கள் மாமாவின் பொறுப்பு.

அந்தச் சிறுபோகத்து வெள்ளாமை வெட்டி, கதிர்க்கட்டுகளைச் சூடாக, அதாவது போராகக் குவித்து வைத்திருந்தார்கள். இனி எருமைகளை விட்டு மிதிப்பிக்க வேண்டும். பாடசாலை விடுமுறை நாட்கள். அம்மாவுக்குக் கடுங்காய்ச்சல். பிள்ளைகளுக்கும் தொற்றிவிடும் என்று பரிகாரியார் சொன்னதால், சூடு மிதிக்கப் புறப்பட்ட மாமா எங்கள் இரண்டு பேரையும் தம்மோடு கூட்டிக்கொண்டு போனார்.

மாமா கோலை ஊன்றித் தோணியைத் தள்ளினார். நான் தோணியின் முன்பக்கத்தில் இருந்து, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே போனேன். தங்கை ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டபடி வந்தாள். விரல்களுக்கு நடுவால் தண்ணீர் பிரிந்து போவதை இக்கரையிலிருந்து அக்கரை வரைக்கும் பார்த்தாள்.

“என்ன பாக்கிறாய்?” என்று கேட்டேன்.

“தண்ணி.”

“தண்ணியில என்ன கிடக்கு?”

“தண்ணிதான்.”

மாமா சிரித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் எப்போதும் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிற பிள்ளை. அவள் இருக்கிற இடத்தில் இருக்கிற பிள்ளை. கடைக்குப் போனால் வழியில் ஒரு நண்டு வளைக்குப் பக்கத்தில் குந்திவிடுவாள். அவளை எழுப்பி இழுத்துப் போவது என் வேலை. இதை நான் அவளுடைய குறையாகவே நினைத்திருந்தேன். அந்தப் பயணத்தைப் பற்றி இன்று என்னைக் கேட்டால் அக்கரையில் நின்ற மரங்களைச் சொல்வேன். தண்ணீரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

களவெட்டி என்பது சூடு மிதிக்கும் இடம். வட்டமாகச் செதுக்கி, சாணி மெழுகி, நடுவே கதிரைப் பரப்பி, எருமைகளைக் கழுத்தோடு கழுத்தாகப் பிணைத்துச் சுற்றி நடக்க விடுவார்கள். அது வெறும் வேலைத்தலம் அல்ல. அதற்குள் செருப்போடு போகக்கூடாது. பெண்கள் கால் வைக்கக்கூடாது. அங்கே எருமையை எருமை என்று சொல்லமாட்டார்கள், அது வாரிக்காலன். நெல் அள்ளும் கடகம் பெருவாயன். நெல்லின் பெயர் பொலி. ‘இல்லை’, ‘போதும்’, ‘முடிந்தது’ என்ற சொற்கள் வாயில் வரக்கூடாது. சுற்றிவரப் பூதங்கள் காது கொடுத்துக்கொண்டு நிற்கும் என்பது நம்பிக்கை. இங்கே இருப்பது நெல் என்று அவற்றுக்கு விளங்கிவிட்டால் அள்ளிக்கொண்டு போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, களவெட்டியில் அழுகைச் சத்தம் கேட்கக்கூடாது. அழுத இடத்தில் பொலி தங்காது.

இந்த விதிகளை மாமா ஒருமுறைதான் சொன்னார். நான் அத்தனையையும் மனப்பாடமாக்கிவிட்டேன். விதிகள் எனக்குப் பிடிக்கும். அந்த வயதிலேயே எனக்குள் ஓர் அதிபர் இருந்தார்.

தங்கை சின்னப் பிள்ளை என்பதால் களவெட்டிக்குப் பக்கத்தில் இருந்த வாடி வரைக்கும் வரலாம், அதற்குள் மட்டும் போகக்கூடாது என்று ஏற்பாடு. வாடி என்றால் நாலு கம்பு நட்டு வைக்கல் வேய்ந்த கொட்டில்; நாங்கள் சமைப்பதும் படுப்பதும் அதில்தான். வந்த இரண்டு நாளும் அவள் அம்மாவை ஒருதரமும் கேட்கவில்லை. மாமாவின் வயல் வேலைகளை முன்னின்று நடத்துகிற முல்லைக்காரர் அவளைப் பார்த்து வியந்தார்.

“வாத்தியார்ர மகள் கெட்டிக்காரி. தாயத் தேடிச் சிணுங்கவும் இல்ல பாருங்க.”

அவள் அவரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வைக்கல் துரும்பு ஒன்றை நடுவால் கிழிக்கத் தொடங்கினாள்.

எனக்கோ அந்த நாட்களில் ஒரே ஒரு நினைப்பு. எருமைகளுக்குப் பின்னால் கம்போடு நடப்பது. முதல் நாளே மாமாவிடம் கேட்டிருந்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் மூன்று சுற்றுத் தருவதாக அவர் சொல்லியிருந்தார். மூன்று சுற்று எருமைகளைச் சாய்த்து ஓட்டிவிட்டால் ஊருக்குத் திரும்பும்போது நான் வேறு ஆள். யார் யாரிடம், எந்த ஒழுங்கில் அதைச் சொல்வது என்பதுகூடத் தீர்மானமாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலை ஒரு கடா நொண்டத் தொடங்கிற்று. எருமைகள் மாமாவுடையவை அல்ல. பட்டிக்காரர் ஒருவர் மிதிப்புக்கென்று கொண்டுவந்தவை. அவர் நொண்டிய கடாவை அவிழ்த்துவிட்டுப் பட்டிக்குப் போய், கன்று போட்டு அரை மாதங்கூட ஆகாத ஒரு தாய் எருமையைக் கொண்டுவந்து பிணையலில் பூட்டினார். கன்று தாயின் பின்னால் ஓடி வந்துவிட்டது. அதைப் பிடித்து, வாடிக்குப் பக்கத்தில் முள்ளுக் கம்புகளால் அடைத்திருந்த சின்ன வளவுக்குள் விட்டுப் படலைச் சாத்தினார்கள்.

கன்று கத்தியது. தாய் களவெட்டியைச் சுற்றி நடந்தபடியே பதில் கொடுத்தது. வாடிப் பக்கமாக வரும் ஒவ்வொரு முறையும் அது கால் தயங்கும், கம்பு விழும், நடக்கும். மறுபடி சுற்றி வரும், மறுபடி தயங்கும்.

தங்கை படலுக்குப் பக்கத்தில் குந்திவிட்டாள். கம்புகளுக்கு நடுவால் கையை நீட்டினாள். கன்று அவளுடைய விரலை வாய்க்குள் எடுத்துச் சூப்பியது. அவள் கையை எடுக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோதும் வரவில்லை. வெயில் அவள் முதுகில் ஏறி இறங்கிற்று. அவள் அப்படியே இருந்தாள்.

வெற்றிலை போட வந்த முல்லைக்காரரைக் கேட்டாள்:

“இது ஏன் கத்துது?”

“அது உனக்குப் பாட்டுப் படிக்குது புள்ள.”

“பாட்டில்ல. கத்துது.”

“அப்ப உன்னைக் கலியாணம் முடிக்கக் கேக்குதுபோல. என்ன சொல்லுறாய், ஓமா?”

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியாக என்னிடம் வந்தாள்.

“அண்ணன், அதுக்குப் பசிக்குதா?”

“மறுகா குடிக்கும்.” மறுகா என்றால் எங்கள் பக்கத்தில் பிறகு.

“மறுகா எண்டா எப்ப?”

“வேலை ஆனாப்போல.”

போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

“மறுகா வந்திட்டா?”

“இன்னும் இல்ல. போ.”

இப்படி நாலைந்து தரம் வந்தாள். எனக்கு ஒவ்வொரு தரமும் கோபம் ஏறியது. அவளுக்கு ‘மறுகா’ என்றொரு இடமே கிடையாது. கன்றுக்கும் கிடையாது. அவர்கள் இருவருக்கும் ‘இப்ப’ என்பது மட்டுந்தான் இருந்தது. அதை நான் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அவள் எனக்கு ஒரு தொல்லை.

பொழுது சாயத் தொடங்க மாமா என்னைக் கூப்பிட்டார். நான் சட்டையைக் கழற்றி, மாமாவின் துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு களவெட்டிக்குள் இறங்கினேன். கம்பைக் கையில் தந்தார்.

“அடிக்க வேணாம் மனே. காட்டினாப் போதும், நடக்கும்,” என்றார். ‘போதும்’ என்று சொல்லிவிட்டதை உணர்ந்து உடனே “பொலி, பொலி” என்று மாற்றினார். எல்லோரும் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

முதல் சுற்றுப் போனேன். கதிர் காலுக்குக் கீழே மெத்தென்று அமர்ந்தது. எருமைகளின் முதுகில் வெயில் வழுவழுத்தது. இரண்டாவது சுற்றில் வாடிப் பக்கம் திரும்பியபோது, தாய் எருமை வழக்கம்போலத் தயங்கியது. நான் கம்பைக் காட்டினேன். நடக்கவில்லை. மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கம்பால் அதன் தொடையில் அடித்தேன். வேண்டியதைவிடப் பலமாக அடித்தேன்.

அதை அவள் கண்டிருக்க வேண்டும். படல் விழுகிற சத்தம் கேட்டது. கன்று பாய்ந்து வந்து களவெட்டிக்குள் நுழைந்தது. தாய் திரும்பியது, பிணையலில் நின்ற மற்ற எருமைகள் முறுகி ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, ஒன்று முழங்காலில் விழுந்தது, மிதித்த நெல்லும் மிதியாத கதிரும் ஒன்றாய்க் கலந்தன. கன்றின் பின்னால் தங்கை வந்தாள். நெல்லின் நடுவே நின்றாள். வாய் முழுவதும் திறந்து, ஊருக்கே கேட்கிறமாதிரி அழுதாள்.

“அதுக்குப் பால் இல்ல! அதுக்கு அம்மா இல்ல! ஒண்டும் இல்ல!”

சொல்லக்கூடாத சொல்லை மூன்று தரம் சொன்னாள். பெண்பிள்ளை, களவெட்டிக்குள், அழுகையோடு. ஆட்கள் உறைந்துபோய் நின்றார்கள். முல்லைக்காரர் குனிந்து ஒரு பிடி நெல்லை எடுத்துக் கண்ணில் ஒற்றி, “பொலி, தாயே, பொலி” என்று முணுமுணுத்தார்.

மாமா மெதுவாக வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. என் கையிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டார்.

“தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வாடிக்குப் போ மனே.”

அவ்வளவுதான் சொன்னார். மூன்றாவது சுற்று எனக்கு என்றைக்குமே கிடைக்கவில்லை. அடுத்த வருடம் எங்கள் வட்டைக்கு, அதாவது அந்த வயல்வெளி முழுவதற்குமே, மிதிப்புக்கு உழவு மிஷின் வந்துவிட்டது.

வாடிக்குள் அவளை இருத்தினேன். அவள் அழுதுகொண்டே இருந்தாள். வாயைப் பொத்து என்றேன். அம்மாவிடம் சொல்லுவேன் என்றேன். ஒன்றும் எடுபடவில்லை. வெளியே ஆட்கள் என் பக்கம் பார்ப்பதுபோல இருந்தது. ஒரு சின்னப் பிள்ளையை அடக்கத் தெரியாதவன் எருமை சாய்க்க வந்தானாம் என்று அவர்கள் நினைப்பதாக நினைத்தேன். அவள் முன்னால் குந்தி, மிக அமைதியாக, நல்ல வாத்தியாரின் குரலில் சொன்னேன்:

“சத்தம் போட்டிட்டாய். இப்ப பூதம் கேட்டிருக்கும். பூதம் வந்து என்ன எடுக்கும் தெரியுமா? நெல்லை எடுக்காது. ஆருக்காக அழுதியோ, அவங்களை எடுத்துக்கொண்டு போயிரும்.”

கடைசி வாக்கியம் எந்தப் பெரியவரும் எனக்குச் சொன்னதல்ல. என்னுடைய கண்டுபிடிப்பு.

அவள் அழுகை அந்த இடத்திலேயே நின்றது. அப்படி நின்ற அழுகையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் வாயின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். கண் இரண்டும் என் மேல் இருந்தன. வாய் மூடியிருக்க, வயிறு மட்டும் ஏறி இறங்கி அழுதது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. கைகளை ஒள்ளுப்பம், ஒரு விரற்கடை அளவு விலக்கிக் கேட்டாள்:

“நிப்பாட்டிட்டன். இனி எடுக்காதுதானே?”

எடுக்காது என்று சொல்லியிருக்கலாம்.

“பாப்பம்,” என்றேன்.

அவள் வாயைப் பொத்தியபடியே சாக்கின் மேல் சரிந்து நித்திரையாகிவிட்டாள். நான் பெருமையோடு வெளியே பார்த்தேன். யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. அவர்கள் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா தாய் எருமையைப் பிணையலிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். பட்டிக்காரர் பக்கத்தில் நின்று முறைப்பட்டார். அவர்கள் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“என்னகா இது? பாதி மிதிப்பில ஆரும் அவிழ்ப்பாங்களா? ஒண்டு குறைஞ்சா வேலை நாளைக்கும் இழுக்கும்.”

“இழுக்கட்டும்.”

“ஒரு சின்னப் புள்ள அழுததுக்காகவா?”

“ஓம். புள்ள அழுதிட்டு. கேட்டாப்பிறகு கேக்காதமாதிரி நிக்க ஏலாது.”

அவிழ்த்தார். கன்று முட்டி மோதிக்கொண்டு மடியில் வாய் வைத்தது. முன்னங்கால்களை அகட்டி வைத்துக் குடித்தது. வால் விடாமல் ஆடியது. வாயின் இரு பக்கமும் நுரை வழிந்தது. தாய் கழுத்தைத் திருப்பி அதன் முதுகை நக்கியது. ஆட்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். முல்லைக்காரர்கூட ஒன்றும் பகிடி சொல்லவில்லை. பிறகு, இருளுமுன்பே, பட்டிக்காரர் தாயையும் கன்றையும் வரம்பு வழியாகப் பட்டிக்குச் சாய்த்துக்கொண்டு போனார்.

எல்லாவற்றையும் நான் பார்த்தேன். தங்கை எனக்கு இரண்டு அடி தூரத்தில் படுத்திருந்தாள். தோளைத் தொட்டு எழுப்பியிருக்கலாம். எழுப்பவில்லை. எழும்பினால் மறுபடி தொல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. மூன்றாவது சுற்று என் தொண்டையில் நின்றது.

காலையில் அவள் எழுந்து நேரே படலடிக்குப் போனாள். வளவு வெறுமையாகக் கிடந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

“பாத்தியா?” என்றேன்.

நான் செய்தது இதுதான். அந்த ஒரு சொல். பொய் சொன்னதை அவசரத்தில் சொன்னேன் என்றாவது ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். இந்தச் சொல்லுக்கு முன்னால் எனக்கு ஓர் இரவு முழுவதும் இருந்தது.

அவள் அழவில்லை. ஒரு கையை எடுத்து வாயின் மேல் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

சிறிது நேரத்தில் மாமா முகம் கழுவிக்கொண்டு வந்து என்னிடம் கேட்டார்:

“எருமைக்கண்டு தாயோட போயிட்டெண்டு தங்கச்சிக்குச் சொன்னியா மனே?”

“ஓம் மாமா, சொன்னன்.”

“என்ன சொன்னாள்?”

“சிரிச்சாள்.”

மாமாவின் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. அன்று முழுவதும் அவர் சந்தோசமாக வேலை செய்தார். அந்த முறை பொலி குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. குறைந்தாலும் அதை யாரும் வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஊருக்குத் திரும்பினோம். அம்மா காய்ச்சல் விட்டு, மெலிந்து, வாசலில் நின்றாள். தங்கையைக் கண்டதும் கையை நீட்டினாள். தங்கை ஓடவில்லை. நடந்து போய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நாலு நாளில என்ர புள்ள பெரிசாகிட்டாள்” என்றாள் அம்மா. அதை ஒரு புகழ்ச்சியாகத்தான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்ததில்லை. சைக்கிளிலிருந்து விழுந்து கை முறிந்தபோதும் இல்லை. அப்பாவின் பிரேதம் வீட்டில் கிடந்தபோதும் இல்லை. அவளுடைய கணவன் போன அன்று ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் வந்தவர்களுக்கு உட்காரக் கதிரை எடுத்துப் போட்டாள். ‘நெஞ்சுறுதி’ என்றார்கள் சனங்கள். நானும் சொன்னேன். இன்னும் வெட்கக்கேடானது ஒன்று உண்டு: பெற்றோர் கூட்டங்களில் நான் அவளை உதாரணமாகக் காட்டியிருக்கிறேன். முதலாம் வகுப்பில் சேர்ந்த அன்று கேற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளைகளிடம், ‘அழுதால் அம்மா கூட்டிப்போக வரமாட்டா’ என்று நான் வருடாவருடம் சொன்னேன். பிள்ளைகள் உடனே நிறுத்தினார்கள். ஆசிரியைமார் என் திறமையை மெச்சினார்கள். அந்தத் திறமையை நான் எங்கே கற்றேன் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் மட்டக்களப்பு டவுனில் மகள் வீட்டில் நின்றேன். நாலரை வயதுப் பேத்தியை முன்பள்ளிக்கு ஏற்றிப்போக வழக்கமாக ஒரு நீல ஓட்டோ வரும். அன்று சிவப்பு ஓட்டோ வந்தது. டிரைவர் அதே ஆள்தான், பழையதை விற்றுவிட்டார். பேத்தி வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழத் தொடங்கினாள். வெளியே ஹோன் அடித்தது. நான் வழக்கம்போலப் போனேன்.

“சீ, இதுக்கெல்லாம் அழுறதா? பொலிஸ் வந்து பிடிச்சிக்கொண்டு போகும்.”

“அப்பா, நீங்க ஒள்ளுப்பம் பேசாம இரிங்க,” என்றாள் மகள். வேலைக்குப் போகிற உடுப்போடேயே பிள்ளைக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். “நீல ஓட்டோ போனது கவலையா இரிக்கா?”

“ஓம்.”

“ம்.”

வேறொன்றும் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தையும் பார்க்கவில்லை. பிள்ளை அவள் மடியில் முகத்தை வைத்து அழுதது. நான் நின்றுகொண்டிருந்தேன். அழுகை உயர்ந்தது, பிறகு இறங்கிற்று, பிறகு ஒரு பெருமூச்சு வந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். பேத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், சிவப்பு ஓட்டோவின் ஹோனை ஒருதரம் தான் அடிக்கலாமா என்று டிரைவரிடம் கேட்டாள்.

அழுகை தானாக ஓரிடத்தில் போய் முடியும் என்பதை எழுபத்தைந்தாவது வயதில் முதன்முறையாகப் பார்த்தேன். நான் ஒரு பிள்ளையையும் அதுவரைக்கும் போக விட்டதில்லை.

அன்று காலையே கல்முனை பஸ்ஸில் ஏறிக் குருக்கள்மடத்தில் இறங்கினேன். தங்கை அங்கேதான் இருக்கிறாள். குசினி வாசலில் பலகை போட்டு இருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணன், இந்த வெயிலுக்குள்ள?”

“உன்னட்ட ஒரு விசயம் சொல்ல வேணும்.”

“ஆருக்கும் சுகமில்லையா?”

“அதில்ல. அறுபத்து நாலு வருசத்துக்கு முந்தின விசயம்.”

“அப்ப அவசரமில்ல. இரிங்க, தேத்தண்ணி போடுறன்.”

தேநீர் வந்தால் எனக்குத் துணிவு போய்விடும். அவளை எழும்ப விடாமல் நின்ற நிலையிலேயே சொல்லத் தொடங்கினேன். வாடி, படல், கம்பு, பூதம், மாமா கேட்டது, நான் ‘சிரிச்சாள்’ என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இறாலின் ஓட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். பூதம் வந்த இடத்தில் சிரித்தாள்.

“நீங்க சின்னனிலயே பெரிய அதிபர்தான்.”

“உனக்கு ஞாபகம் இரிக்கா?”

யோசித்தாள். “களவெட்டி ஞாபகமில்ல. பூதமும் இல்ல. ஈரமான ஒரு மூக்கு மட்டும் ஞாபகம். அது என்னதெண்டு இவ்வளவு நாளும் தெரியா.”

“நான் செய்தது பெரிய பிழை. என்னை மன்னிச்சிரு புள்ள.”

“விடுங்க அண்ணன். பதினொரு வயசுப் பொடியன்.” கையை ஆட்டி அதை அப்பால் தள்ளினாள். நான் அத்தனை தூரம் சுமந்து வந்த மன்னிப்பை அவள் வாங்கி வைக்கக்கூட இடம் தேடவில்லை. மறுபடி ஒரு இறாலை எடுத்தாள். அதை உடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

“அண்ணன்... அப்ப அந்தக் கண்டு பால் குடிச்சிதா?”

“குடிச்சிது.”

“வடிவாக் குடிச்சிதா?”

சொன்னேன். முன்னங்காலை அகட்டி வைத்தது, வால் ஆடியது, வாயெல்லாம் நுரை, தாய் திரும்பி அதன் முதுகை நக்கியது. அவள் இறாலைச் சட்டிக்குள் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, “இன்னொருக்காச் சொல்லுங்க” என்றாள். நான் பலகைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு இன்னொரு தரம் சொன்னேன். ஒன்றையும் விடாமல் எனக்கு ஞாபகம் இருந்தது.

இருக்கத்தானே வேண்டும். அன்று பொழுதுபடுகிற நேரம், வாடியின் வாசலில் நின்று அவ்வளவையும் பார்த்தவன் நான். அவள் காலையிலிருந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு விடை என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது அந்தச் சேதி ஒன்றுதான் என்பது அந்தப் பையனுக்கு விளங்கவில்லை. அவன் மூன்றாவது சுற்றையே நினைத்துக்கொண்டு நின்றான்.